எவன்ஸ் தொகுப்பு: ரீடெக்ஸா, டிசிபியா?

1639 முதல் 1800 வரை அமெரிக்க மண்ணில் அச்சான நூல்களைத் திரட்டியது எவன்ஸ் தொகுப்பு. தொடக்ககால அமெரிக்க இலக்கியத்தை ஆராய்பவர்களுக்கு இதுதான் அடித்தளம். பக்கங்களைப் படமாகத் தரும் ரீடெக்ஸ் இணையத்தளமா, உரையைத் தட்டச்சு செய்து தரும் டிசிபி (டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப்) திட்டமா, எந்த வழியாகப் படிப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

செலவு: ரீடெக்ஸ் தளத்துக்கு உங்கள் நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிசிபி இலவசம்.

பரப்பு: ரீடெக்ஸில் 36,000 அளவில் நூல்கள், டிசிபியில் சுமார் 5,000.

தேடல்: இதில் டிசிபிதான் மேல். அக்கால அச்சில் எஸ் எழுத்தின் நீண்ட வடிவம் எஃப் போலவே தெரியும். ரீடெக்ஸில் பக்கப் படத்தைக் கணினி வாசிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளும். தேடிய சொல் நழுவிவிடும். டிசிபி உரைகளை மனிதர்களே தட்டச்சு செய்தார்கள். ஆனால் அதில் பக்கப் படம் இல்லை. எழுத்துருவையும் மரச்செதுக்குப் படங்களையும் பார்க்க ரீடெக்ஸ்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று: தொடக்ககால அமெரிக்கக் கவிஞர் பிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு 1773இல் முதலில் லண்டனில்தான் அச்சானது. அந்தப் பதிப்பை எவன்ஸில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சொல்லாட்சி ஆய்வுக்கும் வகுப்புக் கட்டுரைக்கும் டிசிபி தாராளமாகப் போதும். அச்சு வரலாற்றில் முனைவர் பட்டம் செய்பவர்கள் ரீடெக்ஸ் உள்ள நூலகத்தைப் பிடியுங்கள். மூலப் பிரதியையே பார்க்க வேண்டுமென்றால், மாசசூசெட்ஸ் வூஸ்டரில் உள்ள ஆய்வு நூலகமான அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டிக்கு எழுதுங்கள்.