ஓவியம் படிக்க மட்டக்களப்பா, கொழும்பா?

கோட்டை வாசல் மான்களையும் உட்துறைமுகத்துத் தோணிகளையும் கொப்பி நிறைய வரைந்து வைத்திருக்கும் திருகோணமலைப் பிள்ளைகள் உயர்தரம் முடித்ததும் கேட்கும் கேள்வி இது.

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. தமிழிலேயே படிக்கலாம். இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். இந்த நீலத்துக்குப் பக்கத்தில் ஏன் அந்த மஞ்சள் என்று விரிவுரையாளர் கேட்கும்போது, மனதில் இருப்பதை அப்படியே சொல்ல முடிந்தால்தான் கை வளரும். பஸ்ஸில் சில மணித்தியாலத்தில் வீடு.

கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம். பாடம் பெரும்பாலும் சிங்களத்தில்தான், ஆகவே முதல் வருடம் கடினம். ஆனால் பார்க்கக் கிடைப்பது ஏராளம். 1993இல் தொடங்கிய ‘கலா பொல’ சந்தையில் ஓவியர்கள் தெருவோரத்திலேயே படங்களை வைத்து விற்பார்கள். புதியவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

இரண்டும் அரச நிறுவனங்கள், கற்கைக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் தங்குமிடம், சாப்பாடு, சாயம், கன்வஸ்தான். கொழும்பில் அறை வாடகையே கையைக் கடிக்கும்.

என்னைக் கேட்டால் முதலில் மட்டக்களப்பு. கலா பொலவுக்கு நண்பர்களோடு ரயிலேறிப் போய்வரலாம். அப்புறம், நம் ஊர்க்காரரே, அந்தப் பிள்ளைகளின் படத்தைச் சும்மா கேட்காதீர்கள். காசு கொடுத்து வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்.