நிக்கான் டி750: 8 வருசம், 140 கல்யாணம்

கோவில்பட்டிப் பக்கம் கல்யாணப் படம் எடுப்பதுதான் என் தொழில். நிக்கான் டி750 கேமரா கைக்கு வந்து எட்டு வருசம் ஆகிறது. ஷட்டர் கணக்கு, அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, 2,10,000-ஐத் தாண்டிவிட்டது. 1,50,000 தடவை சோதித்துப் பார்த்த ஷட்டர் என்றுதான் கம்பெனி சொல்லியிருந்தது. இன்னும் ஓடுகிறது. இத்தனை வருசத்தில் கேமராவைப் பற்றித் தெரிந்துகொண்டதும், அது எடுத்துக் கொடுத்த படத்தை நான் என்ன செய்தேன் என்பதும் ஒரே கதைதான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் வைத்திருந்தது டி90. 12.3 மெகாபிக்சல், ஒரே ஒரு கார்டு. 2014-ல் வந்த டி750-க்கு ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய) சென்சார், 24.3 மெகாபிக்சல், இரண்டு எஸ்டி கார்டு. பலரும் சென்சாருக்காக வாங்கினார்கள். நான் வாங்கியது இரண்டாவது கார்டுக்காக. ஒரு முகூர்த்தத்தில் தாலி கட்டி, மெட்டி போட்டு, மாலை மாற்றி முடிந்த நேரத்தில் முதல் கார்டு செத்துப்போனது. கம்ப்யூட்டரில் போட்டால் ஃபார்மட் பண்ணச் சொல்லிக் கேட்கிறது. இரண்டு கார்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைத்திருந்ததால் ஒரு படம்கூடப் போகவில்லை. கல்யாணம் எடுக்கிறவர் எந்தக் கம்பெனி கேமரா வாங்கினாலும் சரி, இரண்டு கார்டு இல்லாததை வாங்க வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். கழுகுமலை மாதிரிக் குடவரைக் கோயிலில் கல்யாணம் என்றால் சன்னதிக்கு முன்னால் விளக்கு வெளிச்சம்தான். அங்கே பிளாஷ் அடிக்க எனக்கு மனசு வருவதில்லை. டி90-ல் ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்துக்காகக் கேமராவில் ஏற்றிக்கொள்கிற எண்) 1600 போட்டாலே முகத்தில் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். டி750-ல் 3200 வரைக்கும் கவலையில்லை, 6400-ல் எடுத்ததையும் ஆல்பத்தில் வைத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. 51 ஃபோகஸ் புள்ளியும் நடுவிலேயே கூடிக் கிடக்கின்றன. பொண்ணை ஓரத்தில் நிறுத்தி எடுக்க நினைத்தால் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்ப வேண்டும். எல்இடி மினுக்கலைத் தவிர்க்கும் வசதி இதில் இல்லை. நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். அதனால் மண்டபத்துக்குள் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியிலேயே வைக்கிறேன். அதற்கு மேலே போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும். சோனி ஏ7 III-ஐ வாடகைக்கு எடுத்து இரண்டு கல்யாணம் செய்து பார்த்தேன். கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் பண்ணுவதில் டி750 அதற்குப் பக்கத்தில்கூட வராது. புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் சோனி மாதிரி மிரர்லெஸ்ஸே (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) வாங்கட்டும். என்னிடம் லென்ஸ் எல்லாம் இதற்கானது, மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

லென்ஸ் மூன்றுதான்: 24-120 எஃப்4, 50 எஃப்1.8, 85 எஃப்1.8. எனக்குச் சோறு போடுவது 85. ஆசைப்பட்டு லென்ஸை 1.8-ல் முழுசாகத் திறந்து எடுத்தால் கண் தெளிவாக இருக்கும், மூக்குத்தி கலங்கிவிடும். மூக்குத்தி அந்தப் பொண்ணுக்கு அவள் ஆச்சி கொடுத்ததாக இருக்கலாம். கொஞ்சம் குறுக்கி 2.8-ல் வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு: "போட்டோவுல நல்லா விழுதா", "கறுத்து விழுந்திருக்கு". ஆல்பம் கொடுக்கப் போகும் வீட்டில் பத்தில் ஏழு வீட்டில் இந்த இரண்டாவது வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். முதல் நாலு வருசம் அதற்குப் பயந்து, கேட்கும் முன்னாலேயே வெளுக்க வைத்துக் கொடுத்தேன்.

செய்வது ரொம்பச் சுலபம். படம் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேரில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை (வெளிச்சத்தை) ஏற்றினால் போதும். நம் ஆட்களின் தோல் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் வரும், ஒரே இழுப்பில் எல்லா முகமும் இரண்டு படி வெளுத்துவிடும். ஆனால் தங்கமும் அதே ஆரஞ்சுக்குள்தான் இருக்கிறது. சந்தனமும் செவ்வந்தி மாலையும் அதற்குள்தான். முகம் வெளுக்க வெளுக்கத் தாலி எலுமிச்சைத் தோல் மாதிரி ஆகும், நெற்றிச் சந்தனம் காணாமல் போகும், மஞ்சள் கயிறு சாயம் போன நூலாகும். பிறகு தாலிக்கு மட்டும் தனியாக மாஸ்க் போட்டு மஞ்சளை ஏற்ற வேண்டும். ஒரு ஆல்பத்துக்கு நான் உட்கார்ந்த நேரத்தில் பாதி, நானே கெடுத்ததைச் சரிசெய்யப் போனது.

கறுத்து விழுந்த படங்களில் பாதி என் தப்பு என்பது அப்புறம்தான் புரிந்தது. கேமராவின் லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் கணக்குப் போடும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மீட்டர் அந்த வெள்ளையை அடக்குவதற்காக மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பக்கத்தில் இருக்கும் பொண்ணு அவள் நிறத்தைவிடக் கறுப்பாக விழுவாள். பந்தலில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் மேலே அடித்த பிளாஷ் சிவப்பாகத் திரும்பி வரும். மேடையில் ஊதா எல்இடி இருந்தால் மாநிறமான முகம் செத்த நிறமாகத் தெரியும். இதெல்லாம் அவள் நிறம் இல்லை, விளக்கின் நிறம்.

நம் தோலுக்குப் பொருந்தாத கருவியை வைத்துக்கொண்டு நம் தோலையே குறை சொல்வது பழைய கதை. ஃபிலிம் காலத்தில் லேபில் நிறம் சரிபார்க்கக் கோடாக் ஒரு மாதிரிப் படம் கொடுத்து வந்தது. ஷெர்லி கார்டு என்று பேர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. எல்லா நிறத்து ஆட்களையும் வைத்து அந்த கார்டு வந்தது 1990-களில்தான். அதுவரைக்கும் எத்தனை கறுத்த முகங்கள் வெறும் பல்லும் கண்ணுமாகப் பதிவாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் அப்புறம் நான் வாங்கிய சாமான் எல்லாம் எடிட்டிங்கைக் குறைக்கிற சாமான். ஒரு சாம்பல் அட்டை. மணவறைக்கு முன்னால் ஒரு தடவை அதைப் பிடித்து ஒயிட் பேலன்ஸ் எடுத்து, விளக்கின் நிறத்தைச் சரிசெய்துவிடுகிறேன். மேலே துணி கட்டியிருந்தால் பிளாஷை அதில் அடிக்க ஒரு வெள்ளைக் குடை. கம்ப்யூட்டர் மானிட்டரின் நிறத்தைச் சரிபார்க்கும் கருவி ஒன்று. ஏழு வருசமாக நான் பார்த்து வேலை செய்த மானிட்டர் நீலம் அடித்துக்கொண்டிருந்தது அதை மாட்டின பிறகுதான் தெரிந்தது. எல்லாப் படத்தையும் 14 பிட் ராவாகத்தான் (சென்சார் பிடித்தது அப்படியே இருக்கும் ஃபைல்) எடுக்கிறேன். வழக்கமான ஜேபெக் ஃபைலில் ஒரு நிறத்துக்கு 256 படி, இதில் 16,384 படி. நிழலில் இருக்கும் கறுத்த முகத்தில் கன்னத்துக்கும் தாடைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் படிகளில்தான் இருக்கிறது. முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்தால் மாநிறம் மாநிறமாக, பளபளப்பாக விழுகிறது. வேட்டியின் வெளிச்சத்தை அப்புறம் ராவில் இறக்கிக்கொள்ளலாம். இப்படி எடுத்த ஆல்பங்களுக்கு "கறுத்து விழுந்திருக்கு" என்ற பேச்சு பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்குக் கருவி இல்லை. போன வருசம் ஒரு பொண்ணோட அம்மா தன் போனை நீட்டினார்கள். பியூட்டி மோடில் எடுத்த செல்ஃபி. "எங்க போன்லயே இப்படி விழுது, உங்க பெரிய கேமராவுல ஏன் அண்ணாச்சி விழல?" என்றார்கள். அந்தப் பொண்ணு பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர்களிடம் நான் சொன்னது, "மதினி, பரு இருந்தா எடுத்துருவேன், அது அடுத்த வாரம் போயிரும். நெறத்தை எடுக்க மாட்டேன்." அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பணம் பேசினதில் குறைத்துத்தான் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

1994-ல் அமெரிக்காவில் ஓ.ஜே. சிம்ப்சன் என்ற கறுப்பின விளையாட்டு வீரர் கொலை வழக்கில் கைதானபோது போலீஸ் எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் என்ற இரண்டு பத்திரிகைகளும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் இருந்தபடி இருந்தது. டைமில் முகத்தைக் கறுப்பாக்கிப் போட்டார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பயங்கரமானவனாகக் காட்ட அங்கே ஒருவனைக் கறுப்பாக்கினார்கள், லட்சணமானவளாகக் காட்ட இங்கே நான் ஒருத்தியை வெளுப்பாக்கினேன். இரண்டுக்கும் அடியில் இருக்கும் நினைப்பு ஒன்றுதான். சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' (கறுப்பும் அழகு) இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. அது என் ஸ்டுடியோவுக்குள் வர இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

பத்திரிகைப் படத்துக்கு விதி கடுமை. 2015 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிக்கு முந்தின சுற்றுவரை வந்த படங்களில் சுமார் 20 சதவீதத்தை, ராவோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். எதையோ சேர்த்தது, எதையோ அழித்தது. கல்யாணம் செய்தி இல்லை, வீட்டுக்காரர் காசு கொடுத்து எடுக்கச் சொல்வது, அவர் விருப்பத்துக்குத்தான் என்று தொழில் நண்பர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் ஒரு அம்மா மகனோடு கடைக்கு வந்தார்கள். வீட்டுக்காரர் தவறி நாலு நாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவசரத்தில் ஆதார் கார்டுப் படத்தை வைத்து அடித்துவிட்டார்கள், பதினாறாம் நாளுக்குச் சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும். மூன்று வருசம் முன்னால் அவர் மகள் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். ஆல்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தாரைவார்க்கும் படத்தில் அவர் நிற்கிறார். நான் அந்தக் காலத்தில் எல்லா முகத்தையும் வழித்துவிட்ட மாதிரி அவர் முகத்தையும் வழித்திருந்தேன். அறுபது வயசு மனுசனுக்கு நெற்றியில் ஒரு கோடு இல்லை.

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "இது அவுக மாதிரி இல்லியே தம்பி" என்றார்கள். குறை சொல்கிற குரல் இல்லை, நிசமாகவே தேடுகிற குரல்.

அலமாரியில் அந்த வருசத்து ஹார்ட் டிஸ்க் இருந்தது. கல்யாண தேதியைத் தேடி ராவை எடுத்தேன். எந்த ஸ்லைடரையும் தொடவில்லை. தீப்பெட்டி ஆபீசில் நாற்பது வருசம் வேலை பார்த்த முகம். நெற்றியில் மூன்று கோடு, கோட்டுக்குள் வியர்வையில் கரைந்த திருநீறு, அன்றைக்குக் காலையில் சவரம் செய்தபோது தாடைக்குக் கீழே பட்ட சின்ன வெட்டு, அதில் ஒட்டிக் காய்ந்த ரத்தப் பொட்டு. இடது கண் லேசாகக் கலங்கியிருந்தது. அந்த அம்மா விரலை நீட்டி அந்த வெட்டைத் தொட்டார்கள். "அவசரத்துல வழிச்சாக" என்றார்கள். அப்புறம்தான் அழுதார்கள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அதிலிருந்து எந்தக் கல்யாணத்தின் ராவையும் அழிப்பதில்லை. ஒரு கல்யாணத்துக்குச் சுமார் 1,500 படம், 40 ஜிபிக்கு மேல் போகும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைக்கிறேன், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பெரியவர்களின் முகத்தில் ஸ்மூத் போடுவதே கிடையாது. ஆல்பம் டிசைன் வெளியில் கொடுக்கும்போது தோலைத் தொடக்கூடாது என்று எழுதியே கொடுக்கிறேன். ஆட்களை அழிப்பது, இல்லாத ஆளை ஒட்டுவது இரண்டும் இல்லை. இறந்துபோன அப்பாவைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை, செய்துகொடுத்துவிட்டு, படத்துக்குப் பின்னால் தேதி போட்டுச் 'சேர்த்தது' என்று எழுதிவிடுகிறேன்.

பழைய டி750 இப்போது வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாங்கலாம். வந்த புதிதில் சில பாடிகளில் ஃபிளேர் (எதிர் வெளிச்சம் படத்தில் சிதறித் தெரிவது), ஷட்டர் குறை இருந்து கம்பெனியே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. ட்ரைபாட் மாட்டும் ஓட்டைக்குள் கறுப்புப் புள்ளி இருந்தால் ஃபிளேர் சரிசெய்தது என்று அர்த்தம். ஷட்டருக்குச் சீரியல் நம்பரைத் தனியாகச் சரிபாருங்கள். கைப்பிடி ரப்பர் தூக்கியிருக்கிறதா, இரண்டு கார்டும் எழுதுகிறதா என்று பாருங்கள். விலையில் மிச்சம் பிடித்ததை மூன்றாவது லென்ஸில் போடாமல், மானிட்டர் சரிபார்க்கும் கருவியிலும் இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் போடுங்கள்.