ஆறு ஆண்டுகள், மூன்று துருப் புள்ளிகள்: காரின் தகட்டைக் காத்த அனுபவம்

பழைய கார் ஒன்றை வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே அதில் மூன்று இடங்களில் துரு தலைகாட்டியது: பானெட்டில் கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த ஒரு புள்ளி, பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் விளிம்பு, ஓட்டுநர் பக்கக் கதவின் அடிப்பகுதி. மூன்றையும் முதலில் நானே சரிசெய்தேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் அவற்றைக் கவனித்து வந்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பானெட் எளிதாக முடிந்தது. 80 எண் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சான எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டிங்கும் அதன்மேல் நிறமும் கிளியர் எனும் நிறமற்ற மேல்பூச்சும் அடித்தேன், இன்றுவரை மாற்றமில்லை. முதல் முயற்சியில் செய்த ஒரு தவறை மட்டும் சொல்ல வேண்டும். தேய்த்த தகட்டை வெறுங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, பிரைமரை மறுநாளைக்கு ஒத்திவைத்தேன். காலையில் என் விரல் ரேகை, காவல் நிலையத்தில் பதிவு செய்ததைப் போல, பழுப்பு நிறத்தில் தெளிவாகப் பதிந்திருந்தது. வியர்வையின் உப்புக்கு ஓர் இரவே போதும்.

வளைவின் விளிம்பில்தான் ஏமாந்தேன். மேலே உதிர்ந்ததை மட்டும் கம்பி பிரஷால் தள்ளிவிட்டு துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவத்தைப் பூசினேன். அதிலுள்ள டானிக் அமிலம் துருவோடு வினைபுரிந்து, பழுப்பு கண்ணெதிரே கறுத்ததைப் பார்த்ததும் வேலை முடிந்ததென்று நம்பி, நேராகப் பெயிண்ட் அடித்துவிட்டேன். பதினான்கு மாதங்களில் கடுகளவுக் கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. நகத்தால் கீறியபோது பெயிண்ட் செதிலாகக் கழன்றது; கறுத்த படலத்தின் அடியில் புதிய பழுப்புத் தூள் இருந்தது. கன்வெர்ட்டர் தொட்ட துருவைத்தான் மாற்றுமே தவிர, அடுக்கின் அடியிலும் தகட்டின் மடிப்பிலும் இருப்பதைத் தேடிப் போகாது. துரு தன்னை ஈன்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், மேலிருக்கும் பெயிண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் முறை காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ பட்டி பார்த்து ஓட்டையை மறைத்திருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு வைத்திருக்கும். ஆகவே அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வித்து, உள்ளும் புறமும் எப்பாக்ஸி அடித்து, இணைப்பைச் சீலன்ட்டால் மூடச் செய்தேன். நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது, விளிம்பு சுத்தமாக இருக்கிறது.

கதவின் கதை வேறு, அங்கே துரு உள்ளிருந்து வந்தது. கண்ணாடி ரப்பரின் வழியாக இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென்று கதவின் அடியில் உள்ள துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன. கம்பியை விட்டுக் குத்தியதும் சேற்றுநீர் குபுகுபுவெனக் கொட்டியது. கதவை இரண்டு நாள் திறந்து உலரவைத்து, கேவிட்டி வேக்ஸ் எனப்படும் மெழுகை நீண்ட குழாய்முனையால் உள்ளே பீய்ச்சினேன். மிஞ்சியது ஒரு வாரம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால், இந்த ஆறு ஆண்டுகளில் செய்த செலவில் பயனளித்தது இந்த மெழுகுதான். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் துளைகளைக் குத்திப் பார்க்கிறேன். மூன்றாம் ஆண்டில் மெழுகை மறுபடி அடித்தேன்.

வாங்குவோருக்கு இரண்டு குறிப்புகள். துத்தநாக பிரைமர், இரும்பைத் தொட்டால்தான் தன்னை அரிக்கவிட்டு இரும்பைக் காக்கும். பழைய பெயிண்டின் மேல் அடித்தால் அந்தப் பயன் இல்லை. பாஸ்பாரிக் அமிலம் கலந்த கன்வெர்ட்டரின் மிச்சம் தகட்டில் இருக்கும்போது எப்பாக்ஸி அடித்தால் அது சரியாகப் பிடிக்காமல் போகலாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே தொடருங்கள்.

கதவில் ஒரு கொப்புளத்தை மட்டும் வேண்டுமென்றே திறக்காமல் விட்டு, ஆண்டுக்கொரு முறை அளந்து வருகிறேன். சென்ற மாதம் 4 மில்லிமீட்டர் இருந்தது; மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் அதே அளவுதான்.