சிகரெட், வேப், ஹூக்கா: எது எதைவிடக் கெடுதல்?

சேலம் ஐந்து ரோட்டைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளிலும் ஏற்காட்டில் வார இறுதிக்கு வாடகைக்கு எடுக்கும் குடில்களிலும் இளைஞர்களின் பேச்சைக் கேட்டால், புகைப்பதற்கு அவர்களிடையே ஒரு தரவரிசை உருவாகியிருப்பது தெரியும். சிகரெட் கெடுதல், வேப் எனப்படும் மின்சிகரெட் அதைவிடப் பரவாயில்லை, ஹூக்காவோ தண்ணீர் வழியே வருவதால் வெறும் பொழுதுபோக்கு. இவற்றில் முதலாவதில் பிழையில்லை. இரண்டாவது, கறாரான சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மட்டுமே உண்மை. ஹூக்காவைப் பற்றிய நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை.

சிகரெட்டை அளவுகோலாகக் கொள்வதற்குக் காரணம், அதைப் பற்றி நமக்கு மிக அதிகமாகத் தெரியும் என்பதே. பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் அரை நூற்றாண்டு பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வு, விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள் என்றும், 30 வயதில் விட்டவர்கள் அந்த இழப்பை ஏறத்தாழ முழுவதும் தவிர்த்தார்கள் என்றும், 50 வயதில் விட்டவர்களுக்குக்கூட 6 ஆண்டு மிஞ்சியது என்றும் காட்டியது. சிகரெட்டின் நுனி, இழுக்கும்போது 900 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. அந்த எரிதலில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. மனிதனைச் சிகரெட்டோடு கட்டிப்போடுவது நிகோடின் என்றாலும், அவனைக் கொல்வது பெரும்பாலும் அந்த எரிதலின் விளைபொருள்களே. பீடியை இதைவிட மென்மையானதாக நினைப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பீடி இலையில் காற்று எளிதில் ஊடுருவுவதில்லை என்பதால், அணையாமல் காக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது; புகையில் வரும் பிசுபிசுப்பான கரும்படிவான தாரும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் அதில் குறைவதில்லை.

ஹூக்காவைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அங்கேதான் அதிகம். புகையைத் தண்ணீருக்குள் செலுத்தினால் தீங்கு நீங்கும் என்ற எண்ணம் அக்பரின் அரசவை மருத்துவர் ஹக்கீம் அபுல் ஃபத் கிலானியிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நாலு நூற்றாண்டாகியும் அந்த எண்ணம் சாகவில்லை. தண்ணீர் செய்வது முக்கியமாகப் புகையைக் குளிர்விப்பதுதான். நிகோடினில் ஒரு பகுதி கரையலாம். ஆனால் தாரும் கன உலோகங்களும் கார்பன் மோனாக்சைடும் பெருமளவு கடந்து வந்துவிடுகின்றன. குளிர்ந்த, பழவாசனை கொண்ட புகை தொண்டையை உறுத்தாததால், இழுப்பவர் இன்னும் ஆழமாகவும் இன்னும் நெடுநேரமும் இழுக்கிறார். எச்சரிக்கும் இருமலைத் தண்ணீர் அடக்கிவிடுகிறது, நஞ்சை அடக்குவதில்லை.

அளவைப் பாருங்கள். ஒரு சிகரெட்டுக்கு 8 முதல் 12 இழுப்பு, அரை லிட்டரைச் சற்றே தாண்டும் புகை. ஒரு மணி நேர ஹூக்கா அமர்வில் உள்ளே போகும் புகையின் கன அளவு ஒரு சிகரெட்டைப் போல 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஓர் அமர்வு ஒரு சிகரெட்டைவிடச் சுமார் 25 மடங்கு தாரையும், 10 மடங்கு கார்பன் மோனாக்சைடையும், இரண்டரை மடங்கு நிகோடினையும் தருகிறது. இந்த எண்களை வைத்து ஹூக்கா சிகரெட்டைவிட நூறு மடங்கு கொடியது என்று அறைகூவுவதும் நேர்மையாகாது. சிகரெட் பிடிப்பவர் நாளொன்றுக்குப் பத்து, இருபது பிடிக்கிறார். ஹூக்காக்காரர் வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ அமர்கிறார். எனவே நெடுங்காலத் தீங்கு அமர்வுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நாள்தோறும் பயன்படுத்தும் வட்டாரங்களில் விளைவு மறைவதில்லை: காஷ்மீரில் உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், ஹூக்கா பிடிப்போருக்கு அந்நோயின் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

ஆனால் ஒரே அமர்வில் ஆபத்தை உண்டாக்கும் ஒன்றும் இருக்கிறது. அது புகையிலையிலிருந்து வருவதைவிட அதன்மேல் வைக்கும் கரித்துண்டிலிருந்தே அதிகம் வருகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, மயக்கம் என்று மருத்துவமனைக்கு வந்த ஹூக்காக்காரர்களைப் பற்றிய பதிவுகள் பல நாடுகளில் உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கு அது பொருட்டல்ல. மார்கழிப் பனிக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு, ஐந்தாறு பேர் ஒரே அறையில் கரித்தணலைச் சுற்றி அமரும்போது கதை வேறு. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி மலை ஊர்களிலிருந்து வரும்போது நாம் பதறுகிறோம். ஹூக்காவின் கரியும் அதே கரிதான். 'மூலிகை ஹூக்கா, புகையிலையே இல்லை' என்ற சமாதானமும் இங்கே செல்லாது, ஏனெனில் நிகோடினை நீக்கலாம், கரியை நீக்க முடியாது. ஒரே குழலை வாய் மாற்றிப் பிடிப்பதால் காசநோய் போன்ற தொற்றுகள் பரவும் வாய்ப்பு தனி.

வேப்பில் எரிதல் இல்லை. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிகோடினும் வாசனைப் பொருள்களும் கலந்த திரவத்தை ஒரு கம்பிச்சுருள் சூடாக்கி ஆவியாக்குகிறது. ஆகவே தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டோடு ஒப்பிட மிகக் குறைவு. சிகரெட்டை அறவே விட்டு வேப்புக்கு மாறியவர்களின் உடலில் நச்சுப்பொருள்களின் தடயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்பது மறுக்கத்தக்கதல்ல. இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு 2015இல் '95 சதவீதம் தீங்கு குறைவு' என்று சொன்னது இதை வைத்துத்தான். அந்த எண் ஒரு நிபுணர் குழுவின் மதிப்பீட்டிலிருந்து வந்தது. நோயாளிகளைப் பல்லாண்டு எண்ணிப் பெற்றதல்ல. மேலும், அதிகமாகச் சூடாகும்போது திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன. சுருளிலிருந்து நிக்கலும் குரோமியமும் ஆவியில் கலக்கின்றன. இருபது, முப்பது ஆண்டு வேப் பிடித்த பெருங்கூட்டம் உலகில் இன்னும் இல்லாததால், புற்றுநோய்க் கணக்கை யாராலும் இன்று முடித்துவிட இயலாது.

சிகரெட்டைக் கைவிடுவதற்கும் வேப் உதவுகிறது. 2019இல் வெளியான இங்கிலாந்துச் சோதனையில் ஓராண்டு முடிவில் வேப் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதமும், மெல்லும் நிகோடின் பசை, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை முதலியவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதமும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். அந்த வெற்றியாளர்களில் ஐந்தில் நால்வர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பகலில் வேப், இரவில் சிகரெட் என்று இரண்டையும் வைத்திருப்பவர் பெறும் நன்மை மிகச் சிறிது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் மாரடைப்பு அபாயத்தில் பாதியளவு மிஞ்சுகிறது.

இங்கிலாந்தின் முடிவுகளைச் சேலத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே திரவத்தின் நிகோடின் அளவுக்குச் சட்ட வரம்பு இருக்கிறது. இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டின் தயாரிப்பும் விற்பனையும் விளம்பரமும் முழுவதும் தடை. முதல் குற்றத்துக்கே ஓராண்டுச் சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எனவே இங்கே கைமாறும் ஒவ்வொரு வேப்பும் கள்ளச்சரக்கு, உள்ளே இருப்பது என்னவென்று விற்பவருக்கே தெரியாது. கள்ளச்சரக்கின் விலை என்ன என்பதை 2019இல் அமெரிக்கா கண்டது: நுரையீரல் பாதிப்போடு 2,800க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கஞ்சாச் சத்து கலந்த குப்பிகளில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். ஹூக்கா கூடங்களையும் தமிழக அரசு 2022இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து தடை செய்தது.

ஆகவே இந்த மூன்றையும் வரிசைப்படுத்துவதில் யார் கேட்கிறார் என்பதற்கே நான் அதிக எடை தருவேன். அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்தில் இருபது ஆண்டாக நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு, சிகரெட்டைவிட வேப் தீங்கு குறைந்தது என்ற செய்தி ஏட்டளவில் பொருளுள்ளது. விடுதியில் தங்கிப் படிக்கும், இதுவரை சிகரெட்டைத் தொடாத பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது பொருளற்றது, ஏனெனில் அவன் ஒப்பிட வேண்டியது புகையில்லாத தன் நுரையீரலோடு. மூளை இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டிருப்பதால் நிகோடின் அவனைப் பிடிப்பதும் விரைவு. ஹூக்கா இந்த இருவரில் எவருக்கும் எந்த ஆதாயமும் தருவதில்லை.

தறிக்கூடத்தவருக்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் இருக்கின்றன. 1800 11 2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். மருத்துவர் பரிந்துரைத்தால் மாத்திரைகளும் உண்டு. 2 மில்லிகிராம் நிகோடின் பசை மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. அதைச் சூயிங்கம் போல இடைவிடாது மெல்லக் கூடாது. நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். காபியின் அமிலத்தன்மை நிகோடின் வாயில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும் என்பதால், குடித்துக் கால் மணி நேரமாவது கழித்தே பசையை வாயில் போட வேண்டும்.