முன்துணியைக் கழற்றவிடாதவரிடம் ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

எனக்குப் பழைய ஸ்பீக்கர் ஜோடியை விற்று ஏமாற்றிய ஆளின் விளம்பரம் நேற்று இரவு மறுபடி என் கைப்பேசியில் வந்து நின்றது. பெட்டிகள் வேறு. பின்னால் தொங்கும் நீலத் திரைச்சீலை மட்டும் அதேதான். இரண்டு மாதமாக வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருந்தேன். இனியும் பேசாமல் இருந்தால் அடுத்தவரும் ஏமாறுவார் என்பதால் எழுதுகிறேன்.

2022இல் இலங்கை ரூபாய் சரிந்த பிறகு புதிய ஸ்பீக்கர்களின் விலையைக் கேட்டாலே ஆசை பாதி போய்விடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் பாவித்த சாமான்தான் வழி. அதில் குறை ஒன்றும் இல்லை. ஏறாவூரில் ஒரு நண்பர் வீட்டில் நாற்பது வருடப் பழைய ஜோடி ஒன்றில் நாதஸ்வரம் கேட்டேன். வாசிப்பவர் மூச்சு எடுக்கும் இடம்கூடக் காதில் விழுந்தது. அந்த மூச்சுக்காகத்தான் 68,000 ரூபாய் கொடுத்தேன்.

விற்றவரின் வீடு கல்முனை வீதியில் இருக்கிறது. ‘வெளிநாடு போனவரின் வீட்டுச் சாமான், பிரித்தானியத் தயாரிப்பு, 8 அங்குல ஊஃபர்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெரிய கூம்பு ஸ்பீக்கர்தான் ஊஃபர். போனதும் பிளேன்டீ வந்தது. “தம்பி, கேட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்” என்றார். இரண்டு பெட்டிகளையும் தோளோடு தோள் ஒட்டி வைத்திருந்தார். அம்ப்ளிஃபயரில் பேஸ் (தாழ்ந்த ஒலி) குமிழ் முழுதாகத் திருகியிருந்தது. மேளம் நிறைந்த சினிமாப் பாட்டு ஒன்று ஓடியது, ஜன்னல் அதிர்ந்தது, நானும் அதிர்ந்துபோனேன். முன்துணியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “அது பசை போட்டு ஒட்டியது, இழுத்தால் சட்டம் உடைந்துவிடும்” என்றார். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். அம்ப்ளிஃபயரையும் என் தலையில் கட்டப் பார்த்தார். அது ஜப்பானிலிருந்து வந்தது. பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் வரும். அதைக் கவனித்த புத்திசாலி நான், பெட்டியைக் கவனிக்கவில்லை.

ஆட்டோவில் ஒரு பெட்டியை மடியிலும் மற்றதைக் காலடியிலும் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலம் கடந்து வந்தேன். வீட்டில் ஆறடி இடைவெளி விட்டு வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஒழுங்காக வயர் இணைத்தேன். பேஸ் காணாமல் போயிருந்தது. பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் இடப்பக்கச் சுவரோரம் ஒதுங்கி நின்றது. வலப்பக்கத்தில் வயலின், தலையணைக்குள் வைத்து வாசித்தது போல. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி, “பாடுகிறவருக்குச் சளி பிடித்திருக்கிறதா?” என்று கேட்டார்.

மறுநாள் காத்தான்குடியில் பழைய ரேடியோக்கள் திருத்தும் நாநா (அண்ணன்) ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பேசவே இல்லை. மெல்லிய இரும்பு அடிமட்டத்தைச் சட்டத்தின் இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். பசையும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலு பிளாஸ்டிக் முளைகள்தான்.

இடப்பக்க ஊஃபர் அசல்தான். ஆனால் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் உளுத்து, அதன்மேல் கறுப்பாக ஏதோ பூசியிருந்தார்கள். நாநா விரல் வைத்ததும் பழைய கேக் போல உதிர்ந்தது. வலப்பக்கத்தில் இருந்தது வேறு சாதி: ஏதோ வாகனத்திலிருந்து கழற்றிய மலிவு ஊஃபர், துளை பொருந்தாததால் இரண்டு ஆணியில் தொங்கியது. நாநா முதலில் இடப்பக்கப் பெட்டியின் பின்முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டார். இடப்பக்கக் கூம்பு வெளியே வந்தது. அதேபோல் தொட்டபோது வலப்பக்கக் கூம்பு உள்ளே போனது. உள்ளே வயரைத் தலைகீழாக இணைத்திருந்தார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். விற்றவர் தன் வீட்டில் ஒரு பக்க வயரை மாற்றிப் போட்டு அதைச் சரிக்கட்டியிருக்கிறார். அதாவது, அவருக்குத் தெரியும். ‘தெரியாமல் விற்றிருப்பார்’ என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலப்பக்க ட்வீட்டர், அதாவது உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், செத்துப் பல நாள். உள்ளே இருந்த பஞ்சை இழுத்து வெளியே போட்டார் நாநா. அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் மண்நிறக் கோடு ஒன்று ஓடியது. “இது வெள்ளம் பார்த்த பெட்டி, தம்பி.” எங்கள் மட்டக்களப்பில் அந்தக் கோட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, 2011 ஜனவரியில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் பார்த்ததுதான். அடிப்பலகையின் மரத்தூள் ஊதிப்போயிருந்தது. அதை மறைக்கத்தான் மரநிற ஸ்டிக்கர் புதிதாக ஒட்டியிருந்தார்கள். எனக்கோ அந்தப் பளபளப்புத்தான் முதலில் பிடித்தது.

தொலைபேசியில் அழைத்தேன். முதல் அழைப்பில் “பழைய சாமான் அப்படித்தான் தம்பி” என்றார். இரண்டாவதில் ‘தம்பி’ போய் “மிஸ்டர், கேட்டுப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?” ஆனது. மூன்றாவதை அவர் எடுக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒன்று இருக்கிறது என்று ஒருவர் நினைவூட்டினார். அங்கே எதைக் காட்டுவது? பற்றுச்சீட்டு வாங்க வேண்டும் என்ற நினைவே எனக்கு வரவில்லை. பிளேன்டீ குடித்த வீட்டில் பற்றுச்சீட்டுக் கேட்கக் கூச்சம்.

ஃபோம் உளுப்பது ஆளின் குற்றம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காற்றின் ஈரம் அதைக் கரைத்துவிடும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று வாழும் நமக்கு அது இன்னும் சீக்கிரம். புது வளையம் ஒட்டினால் ஸ்பீக்கர் மறுபடி பாடும். ரப்பர் வளையம் உள்ளவை இன்னும் நெடுநாள் நிற்கும். உளுத்ததைச் சொல்லி விலையைக் குறைத்திருந்தால் நன்றி சொல்லி வாங்கியிருப்பேன். பூசி மறைத்ததுதான் களவு.

பழைய ஸ்பீக்கர் பார்க்கப் போகிறவர்கள் தங்களுக்குப் பழகிய பாட்டையே கொண்டுபோங்கள். மேளம் வேண்டாம்; ஒரு குரல், ஒரு வாத்தியம் போதும். பேஸ் குமிழை நடுவில் வைக்கச் சொல்லி, பேலன்ஸ் குமிழை முழுதாக இடம், முழுதாக வலம் என்று திருப்பி ஒவ்வொரு பெட்டியையும் தனியாகக் கேளுங்கள். ஒட்டி வைத்த இரண்டு பெட்டியில் உயிருள்ளது செத்ததை மறைத்துவிடும். என் கதை முழுவதும் அந்த ஒட்டலில்தான் நடந்தது. ட்வீட்டரின் அருகே காதை வைத்துப் பாருங்கள். மின்தடை அளக்க மல்டிமீட்டர் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 8 ஓம் பெட்டியின் பின்முனையில் வைத்தால் 6 ஓம் அளவில் காட்டும், நீங்களும் நிம்மதி அடைவீர்கள். ஆனால் அது ஊஃபரின் கணக்கு. ட்வீட்டருக்கு முன்னால், மீட்டரின் நேர்மின்னோட்டத்தை மறிக்கும் கப்பாசிற்றர் நிற்பதால் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. காது மட்டும்தான் சாட்சி. கூம்பை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தும்போது உள்ளே கரகரப்புக் கேட்டால் வாய்ஸ் கொயில், அதாவது கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள், உரசுகிறது. என்னுடையது போல முழுதும் மூடிய பெட்டியாக இருந்தால் அழுத்திய கூம்பு நிதானமாகத் திரும்பி வர வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றே அதற்குச் சுருள்வில். 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற கண்டுபிடிப்பாளர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர் பெட்டியோடு அமெரிக்காவில் கொண்டுவந்த முறை அது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்க்கவும் மறக்காதீர்கள், முக்கியமாக நம் மாவட்டத்தில்.

நாநா இடப்பக்கத்துக்குப் புது வளையம் ஒட்டிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தவரிடம் வலுக்கட்டாயமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வலப்பக்கப் பெட்டி விறாந்தையில் கிடக்கிறது. மனைவி அதன்மேல் கறிவேப்பிலைத் தொட்டியை வைத்திருக்கிறார். நான் ஒற்றைப் பெட்டியில் பழைய பதிவுகளைக் கேட்கிறேன். 1950களின் நடுப்பகுதி வரை வந்த இசைத்தட்டுகள் அநேகமாக எல்லாமே மோனோதான், அதாவது ஒற்றை ஒலித்தடம், இரண்டாவது பெட்டி அவற்றுக்குத் தேவையும் இல்லை. குரல் இப்போது சுவரோரம் ஒதுங்குவதில்லை.

இதே அளவு ஊஃபரும் ட்வீட்டரும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுக்கிறேன். பேட்டரியும் இரும்பு அடிமட்டமும் நானே கொண்டுவருவேன்.