மூன்று பந்தும் ஏறியது, மூச்சு இறங்கவில்லை

பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தால், கட்டிலோரத்து மேசையில் இந்தச் சாமான் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் மூன்று அறைகள், அறைக்கொரு பந்து, ஒரு மடிப்புக் குழாய், நுனியில் வாயில் கவ்விக்கொள்ள ஒரு துண்டு. ஏதோ குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்றுதான் நினைத்தேன். சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்த ஆபரேஷன், கடைசியில் வலது விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்து முடிந்திருந்தது. அதனால்தான் எனக்கு இந்த ஸ்பைரோமீட்டர், அதாவது ஆழமாக மூச்சிழுத்துப் பழகுகிற கருவி. ஏழு வாரம் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக ஸ்கூபா டைவிங் (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது) போகிறவள் நான். மூச்சு விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. மூன்றாம் நாள் வலி சற்று அடங்கியதும் சிஸ்டர் முன்னால் ஒரே இழுப்பு இழுத்தேன். மூன்று பந்தும் டக் டக்கென்று மேலே போய் முட்டி விழுந்தன. பெருமையாக அவரைப் பார்த்தேன்.

"பந்து ஏறிடுச்சு மேடம், காத்து எங்க போச்சு?" என்றார். "ஒரு பந்து போதும். அது அப்படியே நிக்கட்டும்."

இந்தக் கருவியின் கோளாறு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அறைகளின் மேல் 600, 900, 1200 என்று அச்சிட்டிருப்பார்கள். எல்லோரும் அதை உள்ளே போன காற்றின் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். அது அளவு இல்லை, வேகம். விநாடிக்கு இத்தனை சிசி (ஒரு சிசி என்றால் ஒரு மில்லி). அரை விநாடி வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் தூக்கினால் உள்ளே போவது சுமார் 600 சிசி. முதல் பந்தை மட்டும் மூன்று விநாடி மேலே நிறுத்தினால் 1800 சிசி. மூன்று மடங்கு! ஆனால் பார்க்கிறவர் கைதட்டுவது மூன்று பந்துக்குத்தான். தவறாகச் செய்கிறவருக்குப் பரிசு கொடுக்கிற சாமான் இது.

மெதுவாக, ஆழமாக இழுப்பது ஏன் முக்கியம் என்பது எனக்குத் தண்ணீருக்கடியில் தெரிந்திருந்தது, கட்டிலில்தான் மறந்துவிட்டது. ஒரு சாதாரண மூச்சு சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடும். இரத்தத்தோடு அதற்குப் பேச்சே இல்லை. நிமிடத்துக்கு 12 மூச்சு, ஒவ்வொன்றும் 500 என்றால் உபயோகமாவது 4200 மில்லி. அதே காற்றை 24 சின்ன மூச்சாக, 250 250-ஆக இழுத்தால் உபயோகம் 2400தான். இழுத்த காற்று இரண்டிலும் 6 லிட்டர்!

அந்த 24 சும்மா எடுத்துக்காட்டுக்குச் சொன்னதில்லை, முதல் நாள் சார்ட்டில் என் மூச்சு எண்ணிக்கை. (சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பதுபோலவே நிற்பார்; உண்மையில் மார்பு எழுவதை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் நாம் மூச்சை மாற்றிவிடுவோமாம். நான்காம் நாள்தான் கண்டுபிடித்தேன்.) 12 முதல் 20 வரை சாதாரணம், 25-ஐத் தொட்டால் டாக்டருக்கு ஆள் போகும். தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாக இழுத்துக்கொண்டே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், சளி தங்கும், காய்ச்சல் வரும். நன்றாக இருக்கிற மனிதர் தன்னை அறியாமல் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பெருமூச்சு விட்டு அவற்றை விரித்துக்கொள்கிறார். வலி மருந்தும் வலியும் சேர்ந்து அந்தப் பெருமூச்சைப் பிடுங்கிவிடுகின்றன. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் 1970-களில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இந்த வகைக் கருவியைக் கொண்டுவந்தார். கொட்டாவி விடுவதுபோல இழுத்து, ஒரு கணம் நிற்பது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த "நிற்பது"தான் என்னைப் படுத்தியது. பந்தை மூன்று விநாடி நிறுத்து, குழாயை எடு, இன்னும் மூன்று விநாடி மூச்சைப் பிடி, பிறகு விடு என்றார் பிசியோதெரபிஸ்ட். ஸ்கூபாவில் முதல் பாடமே, எந்த நிலையிலும் மூச்சைப் பிடிக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றால் நிரம்பிய நுரையீரலோடு வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். அழுத்தம் பாதியானால் காற்று இரட்டிக்கும் என்று ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1662-ல் சொன்ன கணக்கு. நுரையீரல் கிழிய ஒன்றரை மீட்டர் ஆழம்கூடப் போதும். பதினோரு வருடப் பழக்கம், பிடி என்றால் உடம்பு கேட்கவே இல்லை. தொண்டையை அடைக்காமல் விலாவை மட்டும் விரித்த நிலையில் வைக்கக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆனது. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் தையல் இழுக்காது. இது பெட்டியோடு வந்த தாளில் இல்லை.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பந்து ஏறும் படம் பெரிதாக இருக்கிறது. இரண்டு இழுப்புக்கு நடுவில் ஓய்வு எடு என்று எங்கேயும் இல்லை. ஐந்தாம் நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிற ஆசையில் இருபது தடவை விடாமல் இழுத்தேன். உதடு மரத்தது, விரல் நுனி குறுகுறுத்தது, கட்டில் லேசாக மிதந்தது. காரணம் ஆக்சிஜன் குறைவு இல்லை. அளவுக்கு மேல் ஊதித் தள்ளியதில் இரத்தத்தில் கரியமிலவாயு இறங்கியதுதான்; கட்டில் மிதந்தது அதனால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கியதால். இதே தவறை, சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் செய்தால் உயிர் போகும். குதிப்பதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, அது ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. "மூச்சு விடு" என்று உடம்பை உதைப்பது கரியமிலவாயு. அதைக் குறைத்துவிட்டதால் உதை தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, மேலே வரும் கடைசி சில மீட்டரில் நினைவு தப்பிவிடும். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவு: விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து இழுப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓரிரண்டு சாதாரண மூச்சு. நிமிர்ந்து உட்கார்ந்து. அப்புறம் ஒரு தடவை இருமல்.

நேர்மையாகச் சொன்னால், இந்தக் கருவி இல்லாவிட்டாலும் நான் தேறியிருக்கலாம். மேல்வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது நுரையீரல் சிக்கல்களைத் தடுக்கிறது என்பதற்கு பல ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற கோக்ரேன் அமைப்பின் 2014 ஆய்வுத் தொகுப்பில் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. சீக்கிரம் எழுந்து நடப்பது, ஆழமாக மூச்சு வாங்குவது, இருமிச் சளியை எடுப்பது, இவற்றைச் செய்கிறவருக்குப் பந்து ஓர் ஞாபகமூட்டி. எனக்கு அது உதவியது. நடு ராத்திரியில் யாரும் சொல்லாமலே கை அதைத் தேடியது.

வாங்குவதாக இருந்தால், அதே விஷயத்துக்கு வேறொரு வகையும் உண்டு: உள்ளே ஒரு தட்டு மேலெழும்பி எத்தனை மில்லி இழுத்தோம் என்று காட்டும். பக்கத்தில் ஒரு சின்ன மிதவை, வேகம் சரியாக இருக்கிறதா என்று சொல்லும். நேற்றைவிட இன்று எவ்வளவு என்று பார்க்க அதுதான் சரி. மறுபடி வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். மூன்று பந்துதான் கையில் இருக்கிறதென்றால், விநாடி முள் உள்ள கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது பந்தை மறந்துவிடுங்கள். இன்னொன்று, இது ஊதுகிற சாமான் இல்லை, இழுக்கிறது. பக்கத்துக் கட்டில் பெரியவர் இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தார்.

5-க்கு 3 கொடுக்கிறேன். கடலுக்குத் திரும்ப டைவிங் மருத்துவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, தையல் முழுதாக உறுதிப்படட்டும் என்கிறார். பிளாஸ்டிக் மெல்லிசு, அடிப்பாகம் லேசு. குழாயை இழுத்தால் சாய்ந்து விழுகிறது. வாய்த்துண்டை மட்டும் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், அறைகளுக்குள் தண்ணீர் விடாதீர்கள். நான் விட்டேன். நடுப் பந்து இப்போது பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு இழுத்தாலும் அசைய மாட்டேன் என்கிறது.