எய்லரான் நேர்ப்படுத்த இந்தக் கோணப்பெட்டி போதுமா?

தச்சு வேலைக்கும் அலுமினிய யன்னல் வேலைக்கும் என்று யாழ்ப்பாணத்து ஹாட்வெயார் கடைகளில் விற்கப்படும் சாய்வை அளக்கும் சின்ன டிஜிற்றல் கோணப்பெட்டியைப் பற்றியது இது. அடியில் காந்தம், முகப்பில் திரை, வைத்த சாய்வைப் பூச்சியமாக்கும் ஸீரோ பொத்தான், உள்ளே பற்றரி. சொந்தமாகக் கட்டிய விமானத்திலோ பெரிய மொடல் விமானத்திலோ பெல்கிராங்க் (அசைவின் திசையை மாற்றும் நெம்பு), புஷ்ரொட் (அசைவைக் கடத்தும் தண்டு), ரொட் எண்ட் (தண்டின் நுனியில் திருகும் கண்) ஏதாவது மாற்றியபின் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு), ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கும் இறக்கைத் தகடு) மூன்றையும் சரியான இடத்துக்குக் கொண்டுவர இது போதும். மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடான ரடருக்கு உதவாது.

பெட்டியில் அச்சடித்திருக்கும் துல்லியம் வழக்கமாக ±0.2 பாகை. திரை 0.05 பாகை வரை காட்டினாலும் அந்தக் கடைசி இலக்கத்தை நம்பவேண்டாம். இந்த 0.2 போதுமா என்பதற்கு ரொட் எண்ட்டின் புரியைப் பார்த்தால் விடை கிடைக்கும். 3/16 அங்குல ரொட் எண்ட்டில் அங்குலத்துக்கு 32 புரி. ஒரு முழுச்சுற்றுக்கு நீளம் 0.8 மில்லிமீற்றர் மாறும். எய்லரானின் ஹோர்ன் (புஷ்ரொட் பூட்டும் கை) 50 மில்லிமீற்றர் என்றால் அது 0.9 பாகை. ரொட் எண்ட்டின் கண் மறுபடி போல்ட்டுக்கு நேரே வரவேண்டும் என்பதால் அரைச்சுற்று அரைச்சுற்றாகத்தான் திருப்பலாம். ஆகவே செய்யக்கூடிய ஆகச்சிறிய மாற்றமே 0.45 பாகை. அதைவிட நுணுக்கமான கருவிக்குக் காசு கொடுப்பதில் பலனில்லை.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். மேசைக் கண்ணாடியில் வைத்து அளவைப் பாருங்கள். அதே இடத்தில் 180 பாகை திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். நல்ல பெட்டி அதே எண்ணை எதிர்ப்பக்கச் சாய்வாகக் காட்டும். காட்டவேண்டிய அந்த எண்ணுக்கும் உண்மையில் காட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் பெட்டியின் பிழை. அது 0.2ஐத் தாண்டினால் வேறொன்றைக் கேளுங்கள். அடிப்பாகம் பிளாஸ்ரிக்காக உள்ளதை நான் வாங்கச் சொல்லமாட்டேன். இழைத்த அலுமினிய அடிதான் ஆடாமல் உட்காரும்.

அலுமினியத் தகட்டில் காந்தம் பிடிக்காது, எய்லரானின் மேற்பரப்பும் வளைவானது. யன்னல் வேலைத்தலத்தில் கழிந்துபோகும் நேரான பெட்டிச்சட்டத் துண்டு ஒன்றை, சுமார் 300 மில்லிமீற்றரில், கீலில் இருந்து பின்விளிம்பு வரை வைத்து ரேப்பால் ஒட்டி அதன்மேல் பெட்டியை வையுங்கள். சட்டம் கீல் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். சரிந்தால் கோணம் குறைவாகக் காட்டும். இடது, வலது இரண்டிலும் அதே ரிவெட் வரிசையில் வைத்து, திரையை ஒரே திசை பார்க்க விட்டால் பெட்டியின் சொந்தப் பிழை ஒப்பீட்டில் கழிந்துவிடும். ஸீரோ அடித்தபின் யாரும் விமானத்தில் ஏறவோ சாயவோ கூடாது. சோழகம் வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் அளக்கவே வேண்டாம். எய்லரான் ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்காது.

கருவி நல்லதாக இருந்தும் வேலை கெடுவது வரிசை பிழைப்பதால்தான். பின்விளிம்பு இறக்கை நுனியோடு ஒத்துவரவில்லை என்றதும் எய்லரான் பக்க ரொட் எண்ட்டைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பின்விளிம்பு ஒத்துவரும். ஆனால் பெல்கிராங்க் நடுநிலையில் இல்லாமல் கிடக்கும், மேல்கீழ் அசைவின் அளவு இரண்டு பக்கமும் வேறுபடும். எய்லரான் கீழிறங்குவதைவிட மேலே கூடுதலாகப் போகும்படிதான் பல விமானங்களில் அமைப்பு. அந்த விகிதத்தைத் தருவதே பெல்கிராங்க் நிற்கும் கோணம். எனவே முதலில் விமானியின் கைப்பிடியான ஸ்ரிக்கை நடுவில் கட்டுங்கள். அடுத்து இரண்டு பெல்கிராங்கையும் வரைபடத்தில் சொன்ன ஜிக்கால் (நிலையைப் பிடித்துவைக்கும் துண்டு) நடுநிலையில் பூட்டி, நடுப் புஷ்ரொட்டின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். எய்லரான் புஷ்ரொட் கடைசியில்தான். ஃபிளாப்பை எய்லரானுக்குப் பொருத்துங்கள், எய்லரானை ஃபிளாப்புக்கு அல்ல. பறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தாலும் முதலில் ஃபிளாப் இரண்டும் ஒரே கோணமா என்று பெட்டியால் பாருங்கள்.

திருப்பி முடிந்ததும் ரொட் எண்ட் உள்ளே போதுமான அளவு புரி பிடித்திருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. புஷ்ரொட்டில் சோதனைத் துளை இருந்தால் மெல்லிய கம்பி அதற்குள் நுழையாதபடி ரொட் எண்ட்டின் புரி மறிக்கவேண்டும். நுழைந்தால் ரொட்டின் நீளமே குறைவு; மறுமுனையையும் சேர்த்துப் பாருங்கள். ரொட் எண்ட்டைச் சுழலாமல் பூட்டும் ஜாம் நட்டை இறுக்கி அதன்மேல் நிறக்கோடு போடுங்கள், பிறகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சுழலும் மூட்டுக்கு நைலோன் நட் போதாது. வெட்டுகள் உள்ள காசில் நட்டும், அவற்றுக்குக் குறுக்கே போடும் கொட்டர் பின்னும் வேண்டும். ஸ்ரிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் மேலெழ வேண்டும். இதை வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் பார்க்கவேண்டும்.

இனி ரடர். இந்தப் பெட்டி புவியீர்ப்பை வைத்தே சாய்வை அறிகிறது. ரடரின் கீல் நிமிர்ந்து நிற்பதால், அது எவ்வளவு திரும்பினாலும் பெட்டிக்குச் சாய்வு ஏறக்குறைய மாறாது. அங்கே அளவுநாடாதான். கீலில் இருந்து பின்விளிம்புக்கு 400 மில்லிமீற்றர் என்றால், 30 பாகைக்குப் பின்விளிம்பு நடுக்கோட்டில் இருந்து நேராக 200 மில்லிமீற்றர் விலகியிருக்கும்.

காந்தத்தைத் திசைகாட்டிக்கும் இறக்கைக்குள் உள்ள மக்னற்றோமீற்றருக்கும் (மின்னணுத் திசையுணரி) அருகில் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் உள்ள இரும்பு போல்ட்டில் காந்தம் ஏறினால் திசை பிழைக்கும். வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கள். நம்முடைய உப்புக்காற்றில் உள்ளிருக்கும் தகடு விரைவில் கறள் பிடித்துவிடும்.